ஏழு நிமிடச் சிரிப்பு

நுழையும்முன்

ஒரு கோட்டுக்கு உயிர்கொடுத்து, அதனை நடக்கவும் ஓடவும் விழவும் எழவும் செய்து, காண்போரைச் சிரிக்க வைப்பது எளிய செயலன்று. ஏழு நிமிடச் சிரிப்புக்காகப் பலருடைய கைகள் பல வாரங்கள் உழைத்தன. அமெரிக்கத் திரையரங்குகளுக்காக உருவான இயங்குபடங்களின் வரலாறு, ஓவியமும் அறிவியலும் இசையும் ஒன்றுகூடிய ஒரு கலையின் வரலாறாகும். அக்கலையில் யாருடைய பெயர் திரையில் நின்றது, யாருடைய பெயர் மறைந்தது என்பதும் அவ்வரலாற்றின் ஒரு பகுதியே. அதனை இப்பாடம் விளக்குகிறது.

திரையரங்கில் பிறந்த கலை

மிக்கி மௌசையும் டாம், ஜெர்ரி இணையையும் தொலைக்காட்சியிலும் கைப்பேசியிலும் காணும் இன்றைய தலைமுறையினர், அவை சிறுவர்களுக்காகத் தொலைக்காட்சியில் தோன்றியவை என எண்ணக்கூடும். உண்மையில் அவை பிறந்த இடம் திரையரங்கம். 1930, 1940களில் அமெரிக்காவில் நுழைவுச்சீட்டு வாங்கித் திரையரங்கினுள் சென்ற ஒருவர், முதன்மைப் படத்தை மட்டும் காணவில்லை. செய்திப்படம், குறும்படம், கார்ட்டூன் என வழங்கும் இயங்குபடம் ஆகியவையும் அக்காட்சியில் இடம்பெற்றன. அவையில் தொழிலாளரும் அலுவலரும் முதியோரும் சிறுவரும் கலந்து அமர்ந்திருந்தனர். அனைவரையும் ஒருசேரச் சிரிக்க வைக்க வேண்டிய கடமை இயங்குபடத்திற்கு இருந்தது.

இப்படங்கள் பெரும்பாலும் ஏழு நிமிடங்கள் ஓடின. ஒலிப்படத்தில் ஒரு வினாடிக்கு 24 படச்சட்டங்கள் திரையில் தோன்றி மறைகின்றன. அவ்வாறெனில் ஏழு நிமிடத்திற்கு 10,080 படச்சட்டங்கள் தேவை. ஒவ்வொரு வரைபடத்தையும் இருமுறை படம்பிடித்து உழைப்பைக் குறைப்பது வழக்கம். அங்ஙனம் குறைத்தாலும், படம் முழுவதும் அசையும் ஒரு பாத்திரத்திற்கு மட்டும் ஏறத்தாழ 5,000 வரைபடங்கள் வேண்டும். இரண்டு பாத்திரங்கள் ஒன்றையொன்று துரத்தினால் இந்த எண்ணிக்கை இரட்டிக்கும். கணிப்பொறி இல்லாத காலத்தில் இவை அனைத்தும் கையால் வரையப்பட்டன.

தனியொருவர் வளர்த்த டைனோசர்

நிலையான ஓவியத்தை அசைய வைக்கும் முயற்சியை அமெரிக்கத் திரையில் தொடங்கியவர்களுள் ஒருவர் ஜே. ஸ்டூவர்ட் பிளாக்டன். கரும்பலகையில் வரைந்த முகங்கள் கண்சிமிட்டுவதையும் புன்னகைப்பதையும் 1906ஆம் ஆண்டில் அவர் படமாக்கிக் காட்டினார். அது ஒரு வேடிக்கையாக இருந்தது. அதனைக் கலையாக வளர்த்தவர் வின்சர் மக்கே.

மக்கே செய்தித்தாள்களில் சித்திரக்கதை வரைந்து புகழ்பெற்றவர். மேடைகளில் விரைவாக ஓவியம் வரைந்து காட்டும் நிகழ்ச்சிகளையும் நடத்தியவர். அவர் 1914ஆம் ஆண்டில் 'ஜெர்ட்டி' என்னும் பெண் டைனோசரைத் திரையில் உலவவிட்டார். அதற்காக ஏறத்தாழ 10,000 ஓவியங்கள் வரையப்பட்டன. பாறையும் மரமும் ஏரியும் கொண்ட பின்னணியையும் ஒவ்வொரு தாளிலும் மீண்டும் மீண்டும் வரையவேண்டியிருந்தது. அப்பணியை ஜான் ஃபிட்ஸ்சிமன்ஸ் என்னும் இளைஞர் செய்தார். ஜெர்ட்டி மூச்சுவிடும் காட்சிக்காக மக்கே தம்முடைய மூச்சையே கடிகாரம் கொண்டு அளந்து, அந்தக் கால அளவில் அதன் விலாவை விரியவும் சுருங்கவும் செய்தார்.

மக்கே கையில் சவுக்குடன் மேடையில் நிற்பார். திரையிலுள்ள ஜெர்ட்டியை அழைப்பார். அது குகையிலிருந்து நாணத்துடன் எட்டிப்பார்க்கும். காலைத் தூக்கச் சொல்வார், தூக்கும். கடிந்துகொள்வார், கண்ணீர் விடும். இறுதியில் மக்கே திரைக்குப் பின்னே சென்று மறைய, அதே நேரத்தில் திரையில் அவருடைய ஓவிய உருவம் தோன்றி ஜெர்ட்டியின் மீதேறிச் செல்லும். உயிரினம் அழிந்து பல கோடி ஆண்டுகள் ஆன பின்னர், அதற்கு நாணமும் பிடிவாதமும் அழுகையும் தந்து காட்டினார் மக்கே. அசைவு மட்டும் போதாது, அசைவதற்கு ஒரு குணம் வேண்டும் என்பதைப் பின்வந்தோர் இப்படத்திலிருந்து கற்றனர்.

ஒளிபுகும் தாளும் தொழிற்கூடமும்

மக்கேயின் முறை பெரும் பொறுமையை வேண்டியது. வாரந்தோறும் திரையரங்குகளுக்குப் புதிய படம் தர அம்முறை உதவாது. இதற்குத் தீர்வாக அமைந்தது செல்லுலாய்டு என்னும் ஒளிபுகும் தகடு. ஏர்ல் ஹர்ட் என்பவர் 1914ஆம் ஆண்டில் இம்முறைக்குக் காப்புரிமை கோரி விண்ணப்பித்தார். அசையும் பாத்திரத்தை மட்டும் ஒளிபுகும் தகட்டில் வரைந்து, ஒருமுறை தீட்டிய பின்னணி ஓவியத்தின் மீது வைத்துப் படம்பிடித்தால் போதும். பின்னணி நிலைத்திருக்க, பாத்திரம் மட்டும் மாறும். பாத்திரத்தின் உடல் அசையாமல் கை மட்டும் அசைந்தால், கையை மட்டும் வேறொரு தகட்டில் வரையலாம்.

வரைபடங்கள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தவில்லையெனில் திரையில் உருவம் நடுங்கும். தாளின் ஓரத்தில் துளையிட்டு, மேசையிலுள்ள சிறு முளைகளில் மாட்டி வரையும் முறையை ராவுல் பாரே பயன்படுத்தினார். இவ்விரு எளிய உத்திகளும் அடுத்த பல பத்தாண்டுகளுக்கு இத்துறையின் அடிப்படைகளாக நின்றன.

ஜான் ராண்டால்ஃப் பிரே என்பவர் ஹர்ட்டுடன் இணைந்து காப்புரிமைகளை ஒன்றுசேர்த்தார். பிற நிறுவனங்கள் அவர்களுக்கு உரிமத்தொகை செலுத்திவந்தன. 1932இல் காப்புரிமைக்காலம் முடியும்வரை இந்நிலை நீடித்தது. பிரே தம் கூடத்தில் பணிகளையும் பிரித்தார். ஒருவர் கதையமைப்பார்; தலைமை ஓவியர் அசைவின் முதன்மையான நிலைகளை வரைவார்; இடைநிலை ஓவியர் அவற்றிற்கு இடைப்பட்ட நிலைகளை நிரப்புவார்; சிலர் மையால் கோட்டினைப் படியெடுப்பர்; சிலர் வண்ணம் தீட்டுவர்; ஒருவர் படம்பிடிப்பார். தனிக்கலைஞரின் மேசை தொழிற்கூடமாயிற்று. பணி விரைந்தது. அதே வேளையில் ஒரு படத்தை 'இவர் செய்தது' எனச் சுட்டுவது கடினமாயிற்று. அத்தகைய நிலையில் நிறுவன உரிமையாளரின் பெயர் மட்டுமே திரையில் தோன்றலாயிற்று.

பெயர் மறைந்த ஓவியர்

1920களில் உலகப்புகழ் பெற்ற இயங்குபடப் பாத்திரம் 'ஃபீலிக்ஸ்' என்னும் கரும்பூனை. பின்னால் கைகட்டிக்கொண்டு சிந்தனையில் ஆழ்ந்தவாறு முன்னும் பின்னும் நடப்பது அதன் தனியடையாளம். அதன் வால் தேவைக்கேற்ப உடலைவிட்டுக் கழன்று ஒரு கருவியாக மாறும். தலைக்கு மேல் தோன்றும் கேள்விக்குறியைப் பிடுங்கிக் கொக்கியாக்கிக்கொள்ளும். பேசாப்படக் காலத்தில், சொல்லின்றிச் சிந்திக்கும் பூனையாக அது மக்கள் மனத்தைக் கவர்ந்தது.

1919இல் தொடங்கிய இப்படங்களில் பாட் சல்லிவன் என்னும் கூட உரிமையாளரின் பெயரே இடம்பெற்றது. படங்களை இயக்கியும் அவற்றில் பெரும்பகுதியை வரைந்தும் வந்தவர் ஓட்டோ மெஸ்மர். சல்லிவன் 1933இல் இறந்தார். ஃபீலிக்ஸ் படங்களில் மெஸ்மருக்கு இருந்த பங்கினை உலகம் அறிந்துகொள்ளப் பல பத்தாண்டுகள் ஆயின. முதுமையில்தான் அவருக்கு உரிய பாராட்டுகள் வந்துசேர்ந்தன.

ஒலி கொண்டுவந்த திருப்பம்

வால்ட் டிஸ்னியும் அப் ஐவர்க்ஸும் கான்சஸ் நகரில் இளமைக்காலத்திலேயே நண்பர்கள். அங்கு டிஸ்னி நடத்திய கூடம் 1923இல் நொடித்தது. பின்னர் அவர் ஹாலிவுட் சென்று தம் அண்ணன் ராயுடன் புதிய கூடம் அமைத்தார். ஐவர்க்ஸும் அங்கு வந்து சேர்ந்தார். 1927இல் அவர்கள் உருவாக்கிய 'ஆஸ்வால்டு' என்னும் முயல் வெற்றிபெற்றது. அடுத்த ஆண்டு புதிய ஒப்பந்தம் பேசச் சென்ற டிஸ்னிக்கு அதிர்ச்சி காத்திருந்தது. முயலின் உரிமை தம்மிடம் இல்லை, படங்களை வெளியிடும் நிறுவனத்திடமே உள்ளது என்பதை அவர் உணரநேர்ந்தது. அவருடைய ஓவியர்களுள் பெரும்பாலோரும் எதிர்த்தரப்புக்குச் செல்ல இசைந்திருந்தனர். ஐவர்க்ஸ் உடன்நின்றார்.

இழந்த முயலுக்கு மாற்றாகப் பிறந்ததே மிக்கி என்னும் எலி. முதல் மிக்கி படத்தை ஐவர்க்ஸ் ஏறத்தாழத் தனியொருவராகவே வரைந்தார். 1928 நவம்பர் 18 அன்று நியூயார்க்கின் காலனி திரையரங்கில் 'ஸ்டீம்போட் வில்லி' வெளியானது. ஒலியுடன் கூடிய இயங்குபடங்கள் அதற்கு முன்னரும் இருந்தன. ஆயினும் அசைவும் ஒலியும் இத்துணைப் பொருத்தமாக இணைந்த படத்தை மக்கள் அதுவரை கண்டதில்லை. அதன் நுட்பம் தாளக்கணக்கில் இருந்தது. இசையின் ஒவ்வொரு தட்டுக்கும் இத்தனை படச்சட்டங்கள் என முன்னரே வகுத்துக்கொண்டு அதற்கேற்ப ஓவியம் வரைந்தனர். எலியின் காலடியும் படகின் ஊதலும் தாளம் பிசகாமல் ஒலித்தன.

1920களின் இடைப்பகுதிக்குப் பின்னர் டிஸ்னி தாமே இயக்க ஓவியம் வரைவதை விட்டுவிட்டார். கதையைச் செப்பனிடுவதும் திறமையாளரைக் கண்டறிந்து ஒன்றுசேர்ப்பதும் அவருடைய ஆற்றல்களாக இருந்தன. மிக்கியின் குரலாகவும் பல ஆண்டுகள் ஒலித்தார். ஓவியர்களுக்குத் தம் கூடத்திலேயே வரைகலை வகுப்புகள் நடத்தினார். மூவண்ணத் தொழில்நுட்பத்தில் உருவான 'பூக்களும் மரங்களும்' என்னும் படம் 1932இல் வெளியாகி, இயங்குகுறும்படத்திற்கான முதல் ஆஸ்கர் விருதினைப் பெற்றது. 1933இல் வந்த 'மூன்று பன்றிக்குட்டிகள்' மற்றொரு படிநிலை. மூன்று குட்டிகளும் தோற்றத்தில் ஒத்தவை. எனினும் நடையாலும் அசைவாலும் ஒவ்வொன்றின் குணமும் தனித்து விளங்கியது. 1937 டிசம்பர் 21 அன்று, 83 நிமிடங்கள் ஓடும் 'ஸ்னோ ஒயிட்' முழுநீளப்படம் முதன்முதலாகத் திரையிடப்பட்டது. ஓவியப் பாத்திரங்களுக்காகக் காண்போரை அழவும் வைக்கலாம் என்பதை அப்படம் மெய்ப்பித்தது.

ஐவர்க்ஸ் 1930இல் பிரிந்து சென்று தனிக்கூடம் அமைத்தார், அது நிலைக்கவில்லை. 1940இல் டிஸ்னி நிறுவனத்திற்கே திரும்பித் தொழில்நுட்பப் பணிகளில் ஈடுபட்டு, அதற்காக ஆஸ்கர் விருதுகளும் பெற்றார்.

தெரிந்து தெளிவோம்

டைரஸ் வாங் சீனாவின் குவாங்டொங் பகுதியில் 1910இல் பிறந்து, சிறுவனாகத் தந்தையுடன் அமெரிக்கா வந்தவர். டிஸ்னி கூடத்தில் இடைநிலை ஓவியராகச் சேர்ந்தார். 'பாம்பி' என்னும் மான்குட்டியின் கதைக்கு, சீன ஓவிய மரபின் சாயலில் பனியும் ஒளியும் படர்ந்த காட்டினைத் தீட்டிக் காட்டினார். 1942இல் வெளியான அப்படத்தின் தோற்றம் முழுவதற்கும் அவ்வோவியங்களே வழிகாட்டின. ஆனால் பின்னணி ஓவியர்களுள் ஒருவராக மட்டுமே அவர் பெயர் திரையில் இடம்பெற்றது. படம் வெளிவருமுன்னரே அவர் பணிநீக்கம் செய்யப்பட்டிருந்தார். 2001இல் டிஸ்னி நிறுவனம் அவருக்குத் தன் உயரிய சிறப்பினை வழங்கியது. அவர் 106 ஆண்டுகள் வாழ்ந்து 2016இல் மறைந்தார்.

ஃபிளைஷர் சகோதரர்கள்

ஹாலிவுட்டுக்கு எதிர்முனையாக நியூயார்க்கில் விளங்கியது மேக்ஸ், டேவ் ஃபிளைஷர் சகோதரர்களின் கூடம். நடிகர் ஒருவரின் அசைவைப் படம்பிடித்து, அதனைச் சட்டம் சட்டமாகக் கண்ணாடியில் வீழ்த்தி அதன்மேல் ஓவியம் வரையும் 'ரோட்டோஸ்கோப்' என்னும் கருவியை மேக்ஸ் உருவாக்கினார். கோமாளி உடையில் ஆடிய டேவின் அசைவுகளே 'கோகோ' என்னும் பாத்திரமாயின. மைக்கூட்டிலிருந்து வெளிவரும் கோகோ, தன்னை வரைந்தவரையே வம்புக்கு இழுக்கும். பாடல் வரிகளின் மீது துள்ளிச்செல்லும் பந்தினைப் பின்பற்றி அவை முழுவதையும் பாடவைக்கும் படங்களையும் இவர்கள் 1924 முதல் வெளியிட்டனர்.

டிஸ்னி படங்கள் இயற்கையை நோக்கி நகர்ந்தபோது, ஃபிளைஷர் படங்கள் கனவின் போக்கிலேயே நின்றன. வீடுகள் அசைந்தாடின, நாற்காலிகள் நடந்தன. 1930இல் தோன்றிய பெட்டி பூப், 1933இல் திரைக்கு வந்த பாப்பாய் ஆகியோர் அக்கூடத்தின் புகழ்பெற்ற பாத்திரங்கள். செய்தித்தாள் சித்திரக்கதையில் பிறந்த பாப்பாய் என்னும் மாலுமி, பசலைக்கீரை உண்டதும் பெரும் வலிமை பெறுபவன். பொருளாதார வீழ்ச்சியில் தவித்த நகர மக்கள், வறிய துறைமுகத்தில் நியாயத்திற்காகச் சண்டையிட்ட அந்த எளிய மாலுமியைத் தம்முள் ஒருவனாகக் கண்டனர்.

இக்கூடத்தில் லில்லியன் ஃபிரீட்மன் என்னும் பெண் இயக்க ஓவியராகப் பணியாற்றினார். அன்றைய அமெரிக்கக் கூடங்களில் இது மிக அரிய நிகழ்வாகும்.

மையும் வண்ணமும் தீட்டியோர்

இயங்குபடக் கூடங்களில் பெண்கள் பெருந்தொகையினராக இருந்த இடம் மையும் வண்ணமும் தீட்டும் பிரிவே. ஓவியர் எழுதுகோலால் வரைந்த கோட்டினை ஒளிபுகும் தகட்டில் நுண்ணிய பேனாவால் படியெடுப்பதும், தகட்டின் பின்புறத்தில் வண்ணம் நிரப்புவதும் அவர்கள் பணி. கை சற்றே நடுங்கினாலும் திரையில் கோடு துடிக்கும். ஒவ்வொரு படச்சட்டத்திலும் மக்கள் கண்ட கோடு இப்பெண்கள் இழுத்த கோடே; எனினும் அவர்களுடைய பெயர்கள் திரையில் வரவில்லை. டிஸ்னி கூடத்தில் ஓவியராக விரும்பி 1938இல் விண்ணப்பித்த பெண் ஒருவருக்கு, படைப்புப்பணி ஆண்களுக்கே உரியது என்னும் கருத்தமைந்த மறுமொழி அனுப்பப்பட்டது. இத்தடையைக் கடந்தவர் ரெட்டா ஸ்காட். 'பாம்பி' படத்தில் மானைத் துரத்தும் வேட்டைநாய்களின் சீற்றத்தை வரைந்த அவருடைய பெயர், இயக்க ஓவியர் என்னும் நிலையில் திரையில் இடம்பெற்றது. டிஸ்னி கூடத்தில் அச்சிறப்பைப் பெற்ற முதல் பெண் அவரே.

ஊதியத்திலும் பெரும் ஏற்றத்தாழ்வு நிலவியது. தலைமை ஓவியர்கள் சிலர் மிகுந்த ஊதியம் பெற, இடைநிலை ஓவியரும் வண்ணம் தீட்டுவோரும் குறைந்த ஊதியத்தில் நெடுநேரம் உழைத்தனர். 1937இல் ஃபிளைஷர் கூடப் பணியாளர்கள் பல மாதங்கள் வேலைநிறுத்தம் செய்தனர். அடுத்த ஆண்டு அக்கூடம் தொலைவிலுள்ள மயாமி நகருக்கு இடம்பெயர்ந்தது.

டிஸ்னி கூடத்தில் 1941 மே 29 அன்று வேலைநிறுத்தம் தொடங்கியது. ஐரோப்பியப் போரால் வெளிநாட்டு வருவாய் குறைந்திருந்தது, பணிநீக்கங்களும் நிகழ்ந்தன. தொழிற்சங்கத்தின் முன்னணியில் நின்ற ஆர்ட் பாபிட் பணிநீக்கம் செய்யப்பட்டதே உடனடிக் காரணம். அவர் 'கூஃபி' என்னும் பாத்திரத்திற்கு வடிவும் நடையும் தந்து வளர்த்தவர். 'ஸ்னோ ஒயிட்' படத்தின் கொடிய அரசியையும் வரைந்தவர். கோடைக்காலம் முழுவதும் ஓவியர்கள் வாயிலில் பதாகைகளை ஏந்தி நின்றனர். நடுவண் அரசின் தலையீட்டால் சங்கம் ஏற்கப்பட்டது. ஒரு குடும்பம் போல் இயங்கிய கூடம் தம்மால் அமைக்கப்பட்டது எனக் கருதிய டிஸ்னி இதனைத் துரோகமாகவே கண்டார். தம் உழைப்புக்கு முறையான ஊதியமும் பெயரும் வேண்டும் எனக் கேட்பது துரோகமாகாது என ஓவியர்கள் கருதினர். இருதரப்பிலும் எஞ்சிய கசப்பு நெடுங்காலம் தீரவில்லை.

கறையான் மாடத்துக் கலைஞர்கள்

வார்னர் பிரதர்ஸ் நிறுவனத்திற்குப் படம் தயாரித்துத் தந்தவர் லியான் ஷ்லெசிங்கர். 1935இல் அங்கு இயக்குநராகச் சேர்ந்த டெக்ஸ் ஏவரியின் குழுவுக்குப் பழைய மரக்கட்டடம் ஒன்று ஒதுக்கப்பட்டது. கறையான் மிகுந்த அக்கட்டடத்தை அவர்கள் 'கறையான் மாடம்' என வேடிக்கையாக அழைத்தனர். டிஸ்னியின் செல்வவளம் அவர்களிடம் இல்லை. எனவே டிஸ்னியைப் போல இயற்கையைப் பின்பற்ற வேண்டியதில்லை என ஏவரி முடிவுசெய்தார். இயற்கையில் நிகழ முடியாததை, எதிர்பாராத விரைவில் நிகழ்த்திக்காட்டுவதே இயங்குபடத்தின் தனியுரிமை என்பது அவர் கொள்கை.

அங்கு உருவான பக்ஸ் பன்னி என்னும் முயலின் வரலாறு, 'படைத்தவர் யார்' என்னும் வினாவுக்கு நல்லதோர் எடுத்துக்காட்டு. 1938இல் பென் ஹார்டவே இணைந்து இயக்கிய படத்தில் துடுக்கான முயல் ஒன்று தோன்றியது. 'பக்ஸ்' என்பது ஹார்டவேயின் செல்லப்பெயர். அதுவே முயலுக்கும் பெயராயிற்று. 1940 ஜூலையில் வெளியான படத்தில் ஏவரி அதற்கு அமைதியும் துணிவும் தந்தார். துப்பாக்கியுடன் நிற்கும் வேட்டைக்காரனைக் கண்டும் அஞ்சாது, கேரட்டைக் கடித்தவாறு நலம் விசாரிக்கும் முயல் அன்று முழு உருப்பெற்றது. ராபர்ட் கிவன்ஸ் அதன் தோற்றத்தை வரைந்தார். மெல் பிளாங்க் குரல் தந்தார். பாப் கிளாம்பெட், ஃபிரிஸ் ஃபிரெலெங், சக் ஜோன்ஸ் ஆகிய இயக்குநர்கள் ஒவ்வொருவரும் அதன் குணத்தைச் செதுக்கினர். அதனைப் படைத்தவர் தாமே எனப் பிற்காலத்தில் ஒருவருக்கு மேற்பட்டோர் உரிமை கொண்டாடினர். அம்முயல் பலர் கூடிச் செய்த ஒன்று என்பதே பொருந்தும்.

பெரும்பாலான பாத்திரங்களுக்கு மெல் பிளாங்க் ஒருவரே குரல் கொடுத்தார். கார்ல் ஸ்டாலிங் இசையமைத்தார். ட்ரெக் பிரவுன் ஒலிக்குறிப்புகளைச் சேர்த்தார். மைக்கேல் மால்ட்டீஸ் கதை எழுதினார். இவர்களுடன் இணைந்து சக் ஜோன்ஸ் இயக்கிய படங்கள் இன்றும் பாடமாகப் பயிலப்படுகின்றன. 1949இல் தொடங்கிய 'ரோடு ரன்னர்' வரிசையில், கொயோட்டி என்னும் ஓநாயினத்து விலங்கு பாலைநிலத்துப் பறவையொன்றை ஓயாது துரத்துகிறது. மலை விளிம்பைக் கடந்து வெற்றுவெளியில் ஓடும் கொயோட்டி உடனே விழுவதில்லை. கீழே நோக்கித் தன் நிலையை உணர்ந்த பின்னரே விழுகிறது. விழுவதற்கு முன் அது காண்போரைப் பார்க்கும் ஒரு கணப் பார்வையில்தான் நகைச்சுவை பிறக்கிறது. தோல்வி உறுதி என்று தெரிந்தும் முயல்வதை விடாத உயிரைக் கண்டு சிரிக்கும் நாம், அதன்பால் இரக்கமும் கொள்கிறோம். நகையும் இரக்கமும் ஒன்றுகூடும் இவ்விடமே ஜோன்ஸின் கலை.

1953இல் வந்த 'டக் அமக்' படத்தில், டாஃபி என்னும் வாத்து தன்னை வரையும் கண்காணாத ஓவியரிடம் சிக்கித் தவிக்கிறது. பின்னணி மாறுகிறது, குரல் மறைகிறது, உடலே அழிக்கப்படுகிறது. உருவமும் குரலும் பறிபோன பின்னரும் அது டாஃபியாகவே நிற்கிறது. குணமே பாத்திரம் என்னும் உண்மையை இதைவிடத் தெளிவாகக் காட்டிய படம் அரிது. வாக்னரின் இசைநாடகங்களை ஏழு நிமிடத்திற்குள் சுருக்கிய 1957ஆம் ஆண்டுப் படமொன்று, அமெரிக்கத் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் 1992இல் சேர்க்கப்பட்டது.

சொல்லின்றி ஒரு துரத்தல்

எம்.ஜி.எம். நிறுவனத்தில் வில்லியம் ஹானாவும் ஜோசப் பார்பெராவும் 1940இல் ஒரு பூனையையும் எலியையும் வைத்துப் படமெடுத்தனர். முதற்படத்தில் பூனையின் பெயர் ஜாஸ்பர். படம் வெற்றிபெற்ற பின்னரே டாம், ஜெர்ரி என்னும் பெயர்கள் அமைந்தன. இருவரும் இணைந்து 1958 வரை 114 படங்களை இயக்கினர். காட்சியின் ஒவ்வோர் அடிக்கும் வீழ்ச்சிக்கும் ஏற்ப ஸ்காட் பிராட்லி இசை வகுத்தார். பேச்சு மிகக் குறைவாதலால் இப்படங்கள் மொழிபெயர்ப்பின்றியே உலகெங்கும் சென்றன.

இவ்வரிசை ஏழு ஆஸ்கர் விருதுகளை வென்றது. விருதுகளைப் பெற்றுக்கொண்டவர் தயாரிப்பாளர் ஃபிரெட் குவிம்பி. படத்தை உருவாக்கிய ஹானாவும் பார்பெராவும் விருது மேடையேறவில்லை.

சிரிப்பின் மறுபக்கம்

இப்படங்களைப் போற்றும்போது அவற்றின் குறையையும் மறைத்தலாகாது. கறுப்பின மக்களைச் சோம்பேறிகளாகவும் அறிவிலிகளாகவும் காட்டும் இழிவான சித்திரிப்புகள் அக்காலப் படங்கள் பலவற்றில் இடம்பெற்றன. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் ஜப்பானியர் கொடிய வடிவில் வரையப்பட்டனர். கறுப்பின அமைப்புகள் இவற்றை எதிர்த்துக் குரல் கொடுத்தன. வார்னர் படங்களுள் பதினொன்று 1968இல் தொலைக்காட்சி ஒளிபரப்பிலிருந்து முற்றிலும் விலக்கப்பட்டன. ஒருவரை இழிவுசெய்து பிறரை மகிழ்விக்கும் நகை நல்ல நகையாகாது. அரங்கில் அமர்ந்திருந்தோருள் அவ்வாறு இழிவுசெய்யப்பட்டவரும் இருந்தனர் என்பதை எண்ணிப்பார்த்தல் வேண்டும்.

திரை இறங்கிய காலம்

டிஸ்னி வேலைநிறுத்தத்தில் வெளியேறிய ஓவியர்கள் சிலர் யு.பி.ஏ. என்னும் கூடத்தை அமைத்தனர். வட்டமும் நேர்க்கோடும் தட்டையான வண்ணமும் கொண்டு புதுமை ஓவியப்பாணியில் படங்களை உருவாக்கினர். பேச்சுக்கு மாற்றாக ஒலிகளை மட்டுமே எழுப்பும் சிறுவனைப் பற்றிய 'ஜெரால்டு மக்போயிங்-போயிங்' என்னும் அவர்களுடைய படம் 1950இல் வெளிவந்து ஆஸ்கர் விருது பெற்றது.

ஆயினும் காலம் மாறிக்கொண்டிருந்தது. பெரிய நிறுவனங்கள் திரையரங்குகளைத் தம் உடைமையாக வைத்திருந்ததை அமெரிக்க உச்சநீதிமன்றம் 1948இல் தடைசெய்தது. அதன்பின் முழுப்படத்துடன் குறும்படங்களையும் சேர்த்துத் திரையரங்குகளின் மேல் சுமத்தும் வழக்கம் குறைந்தது; குறும்பட வருவாயும் சுருங்கியது. தொலைக்காட்சி வீடுகளுக்குள் நுழைந்தது. 1957இல் எம்.ஜி.எம். தன் இயங்குபடக் கூடத்தை மூடியது. ஹானாவும் பார்பெராவும் தொலைக்காட்சிக்குச் சென்று, உடலை நிறுத்தி வாயையும் கையையும் மட்டும் அசைக்கும் சிக்கன முறையில் படங்களைப் பெருக்கினர். 1963இல் வார்னர் கூடமும் மூடப்பட்டது.

தெரிந்து தெளிவோம்

டிஸ்னி கூடத்தில் பணியாற்றிய கிளேர் வீக்ஸ் என்னும் ஓவியர், 1956இல் மும்பை வந்து, இந்திய அரசின் திரைப்படப் பிரிவில் அமைந்த இயங்குபடக் குழுவுக்குப் பயிற்சி அளித்தார். புத்த சாதகக் கதையொன்றைத் தழுவி அக்குழு 1957இல் ஓர் இயங்குபடத்தை உருவாக்கியது. அங்குப் பயின்ற ராம் மோகன் பின்னாளில் இந்திய இயங்குபடக் கலையின் முன்னோடியாகப் போற்றப்பட்டார்.

நிறைவாக

திரையரங்குகளை விட்டு வெளியேறிய பின்னரும் இப்படங்கள் மறையவில்லை. தொலைக்காட்சி அவற்றை மீண்டும் மீண்டும் ஒளிபரப்பியது. அவற்றைக் கண்டு வளர்ந்த தலைமுறையினர் திரையில் விரைந்து மறையும் பெயர்களை நிறுத்திப் படிக்கத் தொடங்கினர். ஆய்வாளர்கள் முதிய ஓவியர்களைத் தேடிச்சென்று அவர்தம் நினைவுகளைப் பதிவுசெய்தனர். மெஸ்மர், வாங் போன்றோரின் பங்கு வெளிச்சத்திற்கு வந்தது இவ்வாறே. ஆனால் தகடுகளுக்கு மையும் வண்ணமும் தீட்டிய நூற்றுக்கணக்கானோருள் பலருடைய பெயர்கள் இன்றும் தெரியவில்லை. பயன்படுத்திய தகடுகளைக்கூடக் கழுவி மீண்டும் பயன்படுத்திய கூடங்கள் இருந்தன. அவற்றில் தீட்டிய கோடுகளும் நீரோடு போயின. எஞ்சியிருப்பது திரையில் ஓடும் ஏழு நிமிடம் மட்டுமே. அந்த ஏழு நிமிடத்தைக் கண்டு சிரிப்போர், படத்தின் தொடக்கத்தில் தோன்றும் பெயர்களையும் ஒருமுறை படித்தல் நன்று.

கற்பவை கற்றபின்

1. நீங்கள் விரும்பும் இயங்குபடம் ஒன்றின் தொடக்கத்திலோ இறுதியிலோ வரும் பெயர்ப்பட்டியலைக் கண்டு, அதில் எத்தனை வகையான பணிகள் குறிப்பிடப்பட்டுள்ளன எனப் பட்டியலிடுக.

2. குறிப்பேட்டின் ஓரத்தில் ஒரு பந்து துள்ளும் காட்சியை 24 பக்கங்களில் வரைந்து, பக்கங்களை விரைவாகப் புரட்டி அதன் அசைவை வகுப்பில் காட்டுக.

3. 'கூட்டுப்படைப்பில் புகழ் யாருக்கு உரியது?' என்னும் பொருளில், பாடப்பகுதியிலிருந்து இரண்டு சான்றுகள் காட்டிக் கலந்துரையாடுக.

4. பிறரை இழிவுசெய்யாத நகைச்சுவைக் காட்சி ஒன்றைச் சொற்களின்றி, செயல்களால் மட்டும் அமையுமாறு ஒரு பக்க அளவில் எழுதுக.